புதூர்நாட்டில் படம் தராத புது கார்டு

எங்கள் நிறுவனத்தில் இப்போது பணிபுரியும் பொறியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஓய்வு பெற்ற பின்பும் என்னை நீக்காமல் வைத்திருக்கிறார்கள். அண்மையில் அதில் ஒரு புதிய நடைமுறையை அறிவித்தார்கள். புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய பின் திரையில் படம் வரவில்லை என்று ஒருவர் புகார் சொன்னால், தொலைபேசியில் சில கேள்விகள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் படம் வராவிட்டால், கார்டைக் கடைக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட வேண்டும். நேரில் போகத் தேவையில்லை.

அறிவிப்புக்குக் கீழே ஓர் இளைஞர் என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருந்தார்: “மேடம், நீங்க ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு கார்டுக்காக புதூர்நாடு வரைக்கும் போனீங்களாமே? திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே?”

அதில் கேலி இல்லை. அறிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. கைப்பேசியில் தட்டி அனுப்பக்கூடிய பதிலாகவும் அது இல்லை. நிறுவனத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்ததால், இங்கே எழுதுகிறேன். புதிய நடைமுறை தவறு என்று வாதாடுவது என் நோக்கம் அன்று. பெரும்பாலான நேரங்களில் அதுவே சரியாக இருக்கும். ஆனால் ஒரு நடைமுறையை எடைபோடும்போது, அது பொருந்தாமல் போகும் இடத்தில் அதன் விளைவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நம்புகிறவள் நான்.

எனக்குச் சொந்த ஊர் கண்ணமங்கலம். இயற்பியல் பட்டம் பெற்ற கையோடு வேலூரில் ஒரு சிறிய கணினிப் பழுதுபார்ப்பு நிறுவனத்தில் சேர்ந்தேன். திரை என்றால் கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்துகள் மட்டுமே என்றிருந்த காலம் அது. கணினி எழுப்பும் ‘பீப்’ ஒலிகளை எண்ணிக் கோளாறைக் கண்டுபிடிக்கவும், திருகாணியைக் கீழே விடாமல் கழற்றவும், உள்ளே கைவைக்கும் முன் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிவிடவும் கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான படிப்பு, கிளைத் தலைவர் ஜாபர் சாரோடு வெளியூர் போகத் தொடங்கிய பிறகே வந்தது.

ஜாபர் சார் வாணியம்பாடிக்காரர். தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, அந்த வாடை பிடிக்காமல் கணினிக்கு வந்தவர் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேட்பார். “தண்ணி கொடுக்கறப்ப மனுசன் கொஞ்சம் நிதானத்துக்கு வந்துடுவான்மா. நிதானமா இருக்கறவன்தான் நடந்தத நடந்தபடி சொல்வான்” என்பார். பிறகு கணினியைப் பயன்படுத்துகிறவரை அருகில் உட்காரவைத்து, “அது இன்னா பண்ணுதுங்க?” என்று கேட்பார். “நீங்க இன்னா பண்ணீங்க?” என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பதில் வராது, சாக்குப்போக்குதான் வரும் என்பது அவருடைய கணிப்பு.

ஒருமுறை அமிர்தி பக்கம் ஓர் அலுவலகத்திலிருந்து, திரை செத்துவிட்டது என்று அழைத்தார்கள். காடு தொடங்கும் இடம். சார் பத்து விரலையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, அதிகாரி சொல்வதையெல்லாம் கேட்டார். பிறகு மானிட்டரின் பின்புறம் கையைவிட்டு வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைத் திருகினார். படம் வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சிகள் திரையில் மொய்ப்பதால், அலுவலகக் காவலர் மாலையில் அந்தக் குமிழை முழுக்க இறக்கிவைத்திருக்கிறார். காவலரின் முகத்தைப் பார்த்தே சார் அதைப் புரிந்துகொண்டார். அதிகாரியிடம், “கொஞ்சம் தூசிங்க, சரியாப் போச்சு” என்றார். அந்தப் பரிவு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அடுத்த மாதமே அதே அலுவலகம் அதே புகாரோடு மீண்டும் அழைத்தது. இந்த முறை சார் காவலரைத் தனியே அழைத்துப்போய்க் குமிழைக் காட்டினார். பூச்சி வந்தால் திரைமேல் ஒரு துணியைப் போர்த்தினால் போதும் என்றார். பிறகு காவலரையே அதிகாரியிடம் சொல்லச் சொன்னார். அதிகாரி சிரித்துவிட்டார், அவ்வளவுதான். திரும்பி வரும் பேருந்தில் சார் சொன்னார்: “போன தடவ அந்த ஆளக் காப்பாத்தினேன். ஆனா பழுத அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன் பாரு.”

அன்று முதல் எங்கள் கிளையில் ஓர் எழுதாத விதி உருவாயிற்று. கோளாறுக்கான காரணத்தை மறைக்கக் கூடாது. ஆனால் யார் கைபட்டு அது நேர்ந்ததோ, அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு அவரே சொல்ல இடம் கொடுக்க வேண்டும். ஜாபர் சார் காலமான பிறகு அவருடைய நாற்காலிக்கு நான் வந்தபோதும் அந்த விதியை மாற்றவில்லை.

இப்போது புதூர்நாட்டுக்கு வருகிறேன். திருப்பத்தூரிலிருந்து ஜீப்பில் ஏற வேண்டிய மலையூர் அது.

பூங்கொடி அந்த மலையில் பிறந்து, மலையிலேயே விடுதிப் பள்ளியில் படித்தவள். அந்தப் பள்ளியின் கணினி அறையை நாங்கள்தான் பராமரித்து வந்தோம் என்பதால், இரட்டைப் பின்னலோடு சுட்டியைப் பிடித்த நாளிலிருந்தே அவளை எனக்குத் தெரியும். கட்டடங்கள் கட்டப்படுவதற்கு முன்பே அவை எப்படி இருக்கும் என்பதைக் கணினியில் உருவாக்கி, உள்ளே நடந்து பார்ப்பதுபோலக் காட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். கணவன் வேடியப்பன் திருப்பத்தூருக்கும் புதூர்நாட்டுக்கும் ஜீப் ஓட்டுகிறவன். மகள் யாழினியை அவனும் அவன் அக்காவும் பார்த்துக்கொண்டார்கள். பூங்கொடி மாதம் ஒருமுறை மலைக்கு வந்துபோனாள். நாளடைவில் குழந்தை அவளை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோலக் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கத் தொடங்கியது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்டாள். நிறுவனம் ஒரு சோதனை வைத்தது. அவளுடைய சொந்தக் கணினியில், மலையிலிருந்தே, ஒரு கட்டடத்தின் காட்சியை முழுமையாக உருவாக்கி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் மலையிலேயே இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை பெங்களூரில் தன் இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். அவளிடமிருந்த பழைய கணினியால் அந்த வேலையைத் தூக்க முடியாது. அதற்காகத்தான் எங்கள் மூலம் திருப்பத்தூர்க் கடையில் சொல்லிவைத்து ஒரு புதிய கிராபிக்ஸ் கார்டை வாங்கினாள்.

கார்டைப் பொருத்தினாள். மின்விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாக இருந்தது. எங்கள் உதவி எண்ணில் பேசிய இளைஞர் அவள் கையாலேயே கார்டை இரண்டு முறை கழற்றி மாட்ட வைத்தார். பயனில்லை. கார்டைத் திருப்பி அனுப்புங்கள், ஒரு வாரத்தில் வேறு வரும் என்றார். அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாரத்துக்குள் வெள்ளிக்கிழமை இருந்தது.

புதன்கிழமை மாலை பூங்கொடி என்னை அழைத்தாள். “அக்கா, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. கார்டு போச்சுன்னா போச்சுன்னு சொல்லிடுங்க. மனச தயார் பண்ணிக்கறேன்” என்றாள். ஒரே ஒரு கார்டுக்காக ஒரு நாள் முழுவதையும் செலவிடுவது கிளைக்கு நியாயமா என்று யோசித்தேன். மறுநாள் எனக்கிருந்த வேலைகளைச் சக பொறியாளர்கள் பகிர்ந்துகொள்ள முடியும். அந்தக் குழந்தையின் நாள்களை அப்படிப் பகிர்ந்துகொள்ள யாருமில்லை. வியாழக்கிழமை காலை திருப்பத்தூரில் பேருந்தைவிட்டு இறங்கியபோது, வேடியப்பன் ஜீப்போடு நின்றிருந்தான்.

ஜீப்பில் ஏற்கெனவே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் என் கருவிப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மேடம், ஊசி போட வர்றீங்களா? எங்கூர்ப் புள்ளைங்க பையப் பாத்தாலே ஓடிப்பூடும்ங்க.”

“ஊசி இல்ல அத்தை” என்றான் வேடியப்பன். “நம்ப பூங்கொடி கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க வர்றாங்க.”

“அதுக்கு இன்னாவாம்?”

“மூச்சு வருது, கண்ணு தெரியல.”

“வயசாயிடுச்சா?”

“புதுசு அத்தை. இப்பதான் வந்துச்சு.”

“அப்ப புதுப்பொண்ணுன்னு சொல்லு. வெக்கம் தெளிஞ்சாதான் மூஞ்சியக் காட்டும்.”

ஜீப்பே சிரித்தது. வேடியப்பனும் சிரித்தான். ஆனால் கண்ணாடியில் தெரிந்த அவன் கண்கள் சிரிக்கவில்லை.

மலை ஏறத் தொடங்குமிடத்தில் ஒரு சிறிய சாமி கல் இருக்கிறது. எல்லா ஜீப்களும் அங்கே நிற்கும். வேடியப்பன் இறங்கி, ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, கல்லுக்கு வைத்தான். பிறகு ஸ்டியரிங்குக்கு, முன்பக்க மூடிக்கு, ஒருவர் புதிதாக வாங்கி மேலே கட்டியிருந்த மிக்ஸிப் பெட்டிக்கு என்று வரிசையாகச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தான். கடைசியில் என் பையின் ஜிப் மேலும் ஒரு பொட்டு விழுந்தது.

“மொத தடவ மலையேர்ற எதுவா இருந்தாலும் ஒரு பொட்டு வெச்சுடுவோம் மேடம். அப்பதான் மேல போய் நல்லா இருக்கும்” என்றான்.

அவர்கள் வீட்டில் கணினி, சாமை மூட்டைகள் அடுக்கிய அறையிலேயே ஒரு மேசைமேல் இருந்தது. பூங்கொடி மெலிந்திருந்தாள். நான் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, “அது இன்னா பண்ணுது கண்ணு, மொதல்லேர்ந்து சொல்லு” என்றேன். அவள் ஒழுங்காகச் சொன்னாள். செய்ததெல்லாம் சரியாகவே இருந்தது. மானிட்டர் கேபிளைக் கணினியின் பழைய துளையில் விட்டுவிட்டு, கார்டில் படம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் ஏராளம். இவள் கேபிளைக் கார்டின் துளையில்தான் மாட்டியிருந்தாள். கார்டுக்கெனத் தனியாக வரும் மின்கம்பியையும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும்வரை அழுத்தியிருந்தாள்.

மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, கணினிப் பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்கினேன். முதலில் கார்டை உள்ளேயே விட்டுவிட்டு, மானிட்டர் கேபிளை மட்டும் கணினியின் மூலப்பலகையான மதர்போர்டின் சொந்தத் துளைக்கு மாற்றி, சுவிட்சைப் போட்டேன். படம் வந்தது. பூங்கொடி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது பழைய படம்தான், கார்டு தருவதன்று என்று விளக்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. கணினிக்குள் இணைக்கப்பட்ட பொருள்களின் வரிசையைத் திறந்து பார்த்தேன். அங்கே புதிய கார்டின் பெயரே இல்லை.

இதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். கார்டின் விசிறி சுழல்வதற்கு, தனியாக வரும் மின்கம்பி ஒன்றே போதும். ஆனால் கார்டும் கணினியும் பேசிக்கொள்வது, அதைச் செருகும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் இறங்கும் தங்க நிற விளிம்பின் வழியாக. விசிறி சுழல்வதை நம்பி, கார்டு உயிரோடு இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். இந்தக் கணினியைப் பொறுத்தவரை, அந்த ஸ்லாட்டில் கார்டே இல்லை.

வேறு மின்கம்பியை மாட்டினேன். பக்கத்து ஸ்லாட்டில் பொருத்தினேன். பலன் ஒன்றே. இந்த இடத்தில் எந்தப் பொறியாளரும் வரக்கூடிய முடிவுக்கு நானும் வந்தேன். “கார்டுலதான் கோளாறு போல இருக்கு கண்ணு” என்றேன்.

அவள் அழவில்லை. “பரவால்லக்கா. இவ்ளோ தூரம் வந்தீங்களே, அதுவே போதும்” என்றாள். பிறகு, “அங்கன்வாடி விடற நேரம். யாழினியக் கூட்டினு வந்துடறேன். நான் இருக்கறவரைக்கும் நானே கூட்டினு வரணும்னு அடம் புடிக்குது” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப்போனாள். இருக்கறவரைக்கும் என்ற சொல்லை அவள் அழுத்தாமல் சொன்னாள். வேடியப்பன் கதவின்மேல் சாய்ந்து நின்று, அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கார்டைத் திருப்பி அனுப்புவதற்காக அதன் உறையில் வைக்கலாம் என்று என் பையைத் திறந்தேன். ஜிப்பை இழுத்ததும் காலையில் வைத்த சந்தனம் உலர்ந்து உதிர்ந்து, விரலில் ஒட்டியது. அதைத் தட்டிவிடப் போன நான், விரலைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். பிறகு கார்டை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன்.

தங்க விளிம்பின்மேல் மங்கலான ஒரு படலம். பொன்னின் நிறமும் சந்தனத்தின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. அறைக்குள் வைத்து ஆயிரம் முறை பார்த்தாலும் தெரிந்திருக்காது. வெயிலில் சாய்த்துப் பிடித்தபோது, இடைக்கோடுகளில் மிக மெல்லிய சிவப்பும் தெரிந்தது.

“தம்பி” என்று கூப்பிட்டேன். “இந்தக் கார்டும் அந்தச் சாமி கல்லுகிட்ட நின்னுதான வந்துச்சு? பொட்டு எங்க வெச்ச?”

அவன் முகம் மலர்ந்தது. “ஆமா மேடம்! கடையில வாங்கினு நேரா அங்கதான் வந்தேன். பெட்டி மேல வெச்சா போதுமான்னு பாத்தேன். மனசு கேக்கல. உள்ளேர்ந்து எடுத்தேன். இதுல மூஞ்சி எதுன்னு தெரியல. விசிறிக்கு வெச்சா சுத்தறப்ப பறந்துடும். அந்தத் தங்கமாட்டம் இருக்கு பாருங்க, அதான் நல்ல எடம்னு…”

சொல்லிக்கொண்டே வந்தவன், என் கையிலிருந்த கார்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான்.

“அதனாலயா?” என்றான்.

“அதனாலதான் இருக்கணும். தொடச்சுப் பாக்கலாம். ஆனா ஈரத்தோட கரண்ட் பாஞ்சு ஏதாவது ஆயிருந்தா, தொடச்சாலும் வராது. அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அவ இங்கயே இருக்கணும்னுதான்க்கா வெச்சேன்” என்றான். அதுவரை மேடமாக இருந்த நான் அப்போதுதான் அவனுக்கு அக்கா ஆனேன். “ரெண்டு தடவ வெச்சேன். ஒரு தடவ போதாதுன்னு ரெண்டு தடவ.”

ஒரு மனிதன் தன் மனைவி தன்னோடு இருக்க வேண்டும் என்று வேண்டி வைத்த பொட்டே அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்திருக்கிறது. அதை அவனே ஏற்கெனவே புரிந்துகொண்டுவிட்டதால், நான் டார்ச்சை அவன் கையில் கொடுத்தேன். “வெளிச்சம் புடி” என்றேன்.

முதலில் காய்ந்த தூரிகையால் விளிம்பை மேலிருந்து கீழாக, ஒரே திசையில் துடைத்தேன். பிறகு பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பர். அழுத்தாமல், ஒவ்வொரு பொன்கோட்டின் மீதும் அதன் நீளவாக்கில் இழுத்தேன். உதிர்ந்த துகள்களை ஊதவில்லை. வாயின் ஈரம் படும் என்பதால் காற்றுப் பம்பால் தள்ளினேன். சர்க்யூட் துடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த, இழை பிரியாத துணியால் இரு பக்கமும் துடைத்து உலரவிட்டேன். அதைவிடக் கடினம் ஸ்லாட். கார்டைக் கழற்றி மாட்டியபோதெல்லாம் சந்தனம் அதற்குள்ளும் தேய்ந்து இறங்கியிருந்தது. இரண்டு ஸ்லாட்டையும் நைலான் தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி எடுத்தேன். இதற்கு இரும்பால் ஆன எதையும் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் ஊசிமுனைகளில் ஒன்று வளைந்தாலும் மதர்போர்டே போய்விடும். வேடியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு டார்ச்சைப் பிடித்திருந்தான். ஒளி ஒருமுறைகூட ஆடவில்லை.

“அக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றான் நடுவில்.

“நான் சொல்லப் போறதில்ல.”

அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

“நீதான் சொல்லணும்” என்றேன். “ஆயுத பூசைக்கு மறுபடியும் சந்தனம் கொழைப்ப. உங்க அக்கா ஒரு பொட்டு வெப்பாங்க. இன்னா காரணம்னு பூங்கொடிக்குத் தெரியாம இருந்தா, அடுத்த தடவ அவ யாரக் கூப்பிடுவா? நானும் ரிட்டயர் ஆயிடுவேன்.”

“கோவிச்சுக்குவாளே.”

“கோவிச்சுக்கட்டும். வூட்ல இருந்துகினு கோவிச்சுக்கட்டும்.”

அவன் டார்ச்சை ஸ்லாட்டுக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தான்.

பூங்கொடி குழந்தையோடு திரும்பியபோது, கார்டை மீண்டும் பொருத்தி முடித்திருந்தேன். மேசையருகே வந்து நின்றாள். யாழினி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்னைக் கதவுக்குப் பின்னாலிருந்து பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் மானிட்டர் கேபிளை இன்னும் மதர்போர்டின் துளையிலேயே விட்டிருந்தேன். சுவிட்சைப் போட்டேன். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே நின்றது.

பூங்கொடி பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். “மொதல்ல இதுலயாவது படம் வந்துச்சே… இப்ப இதுவும் போச்சாக்கா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று காலையிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்ததே அந்த இருட்டைத்தான். கார்டு உள்ளே இருப்பது தெரியாதவரை, கணினி தன் சொந்தத் துளையில் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கார்டு இருப்பதை அறிந்துகொண்டால், அந்தத் துளையை மூடிவிட்டுப் படத்தைக் கார்டிடம் ஒப்படைத்துவிடும். அந்தக் கணினியின் அமைப்பு அப்படி. இந்த இருட்டுக்குப் பொருள், கணினி கார்டைக் கண்டுகொண்டது என்பதே.

“கேபிளக் கழட்டிக் கார்டுல மாட்டு கண்ணு. நீயே மாட்டு” என்றேன்.

மாட்டினாள். திரையில் முதலில் ஒரு சாம்பல் நிறம் படர்ந்தது. பிறகு படம் வந்தது.

அவள் கத்தவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிறிது நேரம் கழித்து, “இன்னாதான்க்கா ஆச்சு இதுக்கு?” என்று கேட்டாள். நான் கருவிகளை எடுத்துவைப்பதில் ஈடுபட்டேன். வேடியப்பன் டார்ச்சை அணைத்தான், போட்டான், மறுபடி அணைத்தான்.

“நான்தான் புள்ள” என்றான். “சாமி கல்லுகிட்ட பொட்டு வெச்சேன். அந்தத் தங்கத்து மேல.”

அவள் அவனையே பார்த்தாள். “ஏன் மாமா, அவ்ளோ பெரிய கார்டுல பொட்டு வெக்க வேற எடமே கெடைக்கலயா?”

“நல்ல எடமாப் பாத்து வெச்சேன்.”

“உன் ஜீப்ல ஸ்பார்க் பிளக்குக்கு வெப்பியா?”

“அது கறுப்பா இருக்கும் புள்ள. அதுக்கு எவன் வெப்பான்?”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறிற்று. எழுந்து அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. நான் ஸ்பிரிட் புட்டியின் மூடியை இறுக்குவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று நான் உடனே கிளம்பவில்லை. பொருத்திய சிறிது நேரத்துக்கு ஒழுங்காக இருந்து, பாரம் ஏறியதும் நின்றுவிடும் கார்டுகள் உண்டு. தேவையான மென்பொருளை நிறுவிய பின், பூங்கொடி தன் வேலையைத் திறந்தாள். அது ஒரு குடியிருப்பு. வெயில் விழும் முற்றமும் மாடிப்படியும் சன்னல்களும் ஒவ்வொன்றாக நிறம் பெற்று எழுந்தன. நான் கார்டின் வெப்பத்தைக் கவனித்தபடி உட்கார்ந்திருந்தேன். யாழினி மெல்ல மேசைக்கு வந்து, திரையிலிருந்த வீட்டைத் தொட்டாள்.

“அம்மா, நீ இந்த வூட்டுக்குப் போயிடுவியா?”

பூங்கொடியின் விரல்கள் விசைப்பலகைமேல் நின்றன. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை போலும். “இத்த முடிச்சுட்டுச் சொல்றேன் கண்ணு” என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான் பொழுது சாயுமுன் கடைசி ஜீப்பில் இறங்கினேன்.

கார்டு தாங்கியது. வெள்ளிக்கிழமை வேலை போய்ச் சேர்ந்தது என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. திங்கட்கிழமை முழுவதும் கைப்பேசியை நான் கையிலிருந்து வைக்கவில்லை என்று எங்கள் அலுவலகத்தில் இப்போதும் கேலி செய்வார்கள். கார்டு வேலை செய்கிறது என்பதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் அது முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நம் தொழிலில் திரையில் படம் வருவதை முடிவு என்று குறித்துக்கொள்கிறோம். அந்தப் படத்துக்காகக் காத்திருந்தவருக்கு, அங்கேதான் அது தொடங்குகிறது.

புதன்கிழமை காலை, பூங்கொடியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். அவள் பேசவில்லை. பின்னால், “சொல்லு, சொல்லு, நீதான கேட்டுனே இருந்த, நீயே சொல்லு” என்று யாரோ கிசுகிசுப்பது கேட்டது. அப்புறம் குழந்தையின் மூச்சு கைப்பேசியில் வெகு அருகில் ஒலித்தது.

“கம்ப்யூட்டர் ஆயா” என்றது. “எங்கம்மா போவல.”